சிப்பாய் யார் பேச்சைக் கேட்கலாம்?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் போய்வருகிறவர்களுக்கு விக்கிரவாண்டி நன்றாகத் தெரியும். 2024 அக்டோபர் 27 அன்று அங்கே வி.சாலை என்ற இடத்தில் நடிகர் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் தன் முதல் மாநில மாநாட்டை நடத்தியது. சாலையெல்லாம் வண்டிகள், திடலெல்லாம் தலைகள். மேடையில் தலைவர் பேசினார், மக்கள் கேட்டார்கள். வழக்கமான காட்சிதான்.

ஆனால் எந்தக் கட்சிக் கூட்டமானாலும் அதில் அரசு ஊழியர்கள் இரண்டு பேரைப் பற்றி யோசித்துப் பார்க்கலாம். ஒருவர் போலீஸ்காரர். அவர் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். மேடையில் பேசுவதைக் கேட்பதும் குறிப்பெடுப்பதும் அவருடைய வேலை. இன்னொருவர் பக்கத்துக் கிராமத்துக்கு விடுமுறையில் வந்திருக்கும் இராணுவ ஜவான். ஊரே திரண்டு போனாலும் அவர் மட்டும் போகக் கூடாது. போனால் அது குற்றம்.

ஒருவருக்குக் கேட்பது கடமை. இன்னொருவருக்குக் கேட்பதே தவறு. இது ஏன்? இதற்கு மேல் மூன்றாவதாக ஒரு வகையும் உலகத்தில் உண்டு. அங்கே இராணுவ அதிகாரிகளை வரிசையாக உட்காரவைத்து, தலைவர் பேசுவதைக் கேட்டே தீர வேண்டும் என்று உத்தரவு போடுவார்கள். இந்த மூன்று வகைக்கும் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

கேட்பதற்கென்றே ஒரு போலீஸ்

முதலில் போலீஸ்காரரைப் பார்ப்போம். மேடைப்பேச்சு என்பது தமிழ்நாட்டில் நூற்றாண்டுகளாக இருந்துவரும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். கோயிலில் கதாகாலட்சேபம் உண்டு, புலவர்களின் அரங்கேற்றம் உண்டு. ஆனால் சாதாரண மக்களைத் திடலில் கூட்டி, அவர்களுடைய மொழியில் அரசியல் பேசுவது சுதேசி இயக்கக் காலத்தில்தான், அதாவது 1905க்குப் பிறகுதான், இங்கே வேகம் பிடித்தது. 1907இல் வங்காளத்திலிருந்து விபின் சந்திர பாலர் வந்து சென்னைக் கடற்கரையில் சொற்பொழிவு ஆற்றினார். அடுத்த வருடம் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழிலேயே பேசினார்கள். ஆலைத் தொழிலாளிகள் வரை வந்து கேட்டார்கள்.

வெள்ளைக்கார அரசுக்கு இது புதுத் தலைவலி. பத்திரிகையில் எழுதினால் எழுத்து கையில் இருக்கும். பேச்சு காற்றோடு போய்விடுமே! அதைப் பிடித்துவைக்க ஆள் வேண்டும். 1906இல்தான் சென்னை மாகாணத்தில் சி.ஐ.டி. துறை உருவாகியிருந்தது. போலீஸார் கூட்டத்தில் உட்கார்ந்து பேச்சைக் குறித்துக்கொண்டார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சிவாவும் கைதானபோது, போலீஸ் எடுத்த இந்தப் பேச்சுக் குறிப்புகள்தாம் வழக்கில் முக்கியமான சாட்சியமாக வந்தன. அதே ஆண்டு ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்து ஆண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டாலும், வ.உ.சி. 1912 டிசம்பர் வரை சிறையில் இருந்தார். பேசியதற்காக!

அதே 1908இல்தான் பாரதியார் பிரெஞ்சுக்காரர்களின் ஆளுகையில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இலேயே இரயில் பாதை போடப்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் எல்லையிலிருந்து இரயிலில் புதுச்சேரிக்குள் நுழைய விழுப்புரம்தான் வாசல். புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்களைப் பிரிட்டிஷ் ஒற்றர்கள் பத்து வருடமும் விடாமல் கவனித்தார்கள். 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டி வந்தவுடனே கடலூர் அருகில் கைது செய்யப்பட்டார்.

சுதந்திரம் வந்த பிறகும் இந்தக் குறிப்பேடு மூடப்படவில்லை. ஆட்சி எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், எதிர்க்கட்சிக் கூட்டங்களில் போலீஸ் குறிப்பெடுத்துக்கொண்டுதான் இருந்தது. 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ பொடா சட்டத்தில் கைதாகி 19 மாதங்கள் சிறையில் இருந்தார். 2009இல் சென்னையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் பேசிய பேச்சுக்காக அவருக்கே 2019 ஜூலையில் தேசத்துரோக வழக்கில் ஓராண்டு தண்டனை விதிக்கப்பட்டது. ஆக, நம் ஊரில் போலீஸ்காரர் தலைவரின் பேச்சைக் கேட்பது நம்புவதற்காக அல்ல, பதிவு செய்வதற்காக.

45 ஆயிரம் பேர் கேட்ட பேச்சு

இப்போது சிப்பாய்க்கு வருவோம். இந்திய இராணுவ வரலாற்றில், உத்தரவின் பேரில் சிப்பாய்கள் மொத்தமாகத் திரண்டு அரசியல் பேச்சைக் கேட்ட மிகப் பெரிய நிகழ்ச்சி இந்தியாவில் நடக்கவில்லை. அது நடந்தது சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் மைதானத்தில், 1942 பிப்ரவரி 17 அன்று. இன்றைக்குத் தமிழர்கள் நிறைந்திருக்கும் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில்தான் அந்த இடம். முன்பு அது குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது.

இரண்டு நாள் முன்னால், பிப்ரவரி 15 அன்று, ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்துவிட்டார். வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் அதிகாரிகளையும் சாங்கி முகாமுக்குப் போகச் சொன்னார்கள். இந்தியச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க்குக்கு வரச் சொன்னார்கள். வந்தவர்கள் சுமார் 40 முதல் 45 ஆயிரம் பேர்.

அங்கே மூன்று பேர் பேசினார்கள். முதலில் ஹன்ட் என்ற பிரிட்டிஷ் கர்னல். இனி நீங்கள் ஜப்பானியரின் கைதிகள், அவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள் என்ற பொருளில் சுருக்கமாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனார். அடுத்து ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா. அவர் ஜப்பானிய மொழியில் பேச, அதை ஆங்கிலத்திலும் பிறகு இந்துஸ்தானியிலும் பெயர்த்தார்கள். ஆசியா ஆசியர்களுக்கே, இந்தியா விடுதலை பெற ஜப்பான் உதவும் என்பது அவர் பேச்சின் சாரம். மூன்றாவதாக 14ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங். இந்தியத் தேசிய இராணுவம் அமைக்கப் போகிறோம், வாருங்கள் என்று அழைத்தார்.

கொஞ்சம் அந்தச் சிப்பாயின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நேற்றுவரை எந்த அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தாரோ அந்த அரசரின் அதிகாரியே அவரை எதிரியிடம் கைமாற்றிவிட்டுப் போகிறார். மலாயாவில் இந்திய அதிகாரிகளைப் பல கிளப்புகளுக்குள் விடாமல் வெள்ளையர்கள் அவமதித்த காயம் ஆறவில்லை. எதிரே துப்பாக்கியோடு ஜப்பானியர். மேடையில் நம்ம ஆள் ஒருவர் சுதந்திரம் என்கிறார். அந்தப் பேச்சை எழுந்து போகாமல் கேட்டே ஆக வேண்டும். வேறு போக்கிடமும் இல்லை.

கேட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பின்னால் சேர்ந்தார்கள், மீதிப் பேர் சேரவில்லை. சேர்ந்தவர்களில் உண்மையான தேசபக்தர்கள் உண்டு. முகாமின் பட்டினிக்கும் அடிக்கும் பயந்தவர்களும் உண்டு. தம் ஆட்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சேர்ந்த அதிகாரிகளும் உண்டு. சேராதவர்களில் பலரை ஜப்பானியர்கள் நியூகினி முதலிய தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே நோயிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். ஒரே பேச்சு, ஒரே மைதானம். ஆனால் ஒவ்வொருவரும் எடுத்த முடிவு வேறு, அதற்குக் கொடுத்த விலையும் வேறு. இதில் யார் வீரர், யார் துரோகி என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

மோகன் சிங்குக்கும் ஜப்பானியர்களுக்கும் சீக்கிரமே மனக்கசப்பு வந்தது. தம் படையை ஜப்பானின் கைப்பாவை ஆக்க அவர் சம்மதிக்கவில்லை. 1942 டிசம்பரில் அவர் கைதானார். முதல் இந்தியத் தேசிய இராணுவம் கலைந்தது.

தமிழில் கேட்ட நேதாஜி

பிறகு வந்தவர் சுபாஷ் சந்திர போஸ். 1943 ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி கத்தே கட்டிடத்தில் தலைமை ஏற்றார். 5ஆம் தேதி பாடாங் திடலில் படையினரை அணிவகுக்கவைத்துப் பேசினார். 'டெல்லி சலோ' என்ற முழக்கம் அந்தத் திடலில் ஒலித்தது.

இங்கேதான் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் கதைக்குள் வருகிறார்கள். தென்னாற்காடு, வடஆற்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து நாகப்பட்டினம் வழியாகவும் சென்னை வழியாகவும் கப்பலேறிப் போய், மலாயாவின் இரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இன்றைய விழுப்புரம், திண்டிவனம் பகுதியும் அன்று தென்னாற்காடு ஜில்லாவில்தான் இருந்தது. போஸ் இந்துஸ்தானியில் பேசுவார். கூடவே ஒருவர் தமிழில் பெயர்த்துச் சொல்வார். மணிக்கணக்கில், சில சமயம் மழையிலும், கூட்டம் கலையாமல் கேட்டது.

கோலாலம்பூரில் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போன பதின்வயதுப் பெண் ஜானகி. பேச்சைக் கேட்டதும் காதில் போட்டிருந்த வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். பிறகு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து அதிகாரி ஆனார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று மலேசியாவில் புகழ்பெற்றவர் இவர்தான். 2000இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன்.

ஃபேரர் பார்க்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஃபேரர் பார்க்கில் நின்றவர்கள் உத்தரவால் வந்த கைதிகள். ஜானகியைப் போன்றவர்கள் தாமாக வந்து கேட்ட பொதுமக்கள். கட்டாயத்தில் கேட்டவர்களில் பாதிப் பேர் தயங்கினார்கள். விருப்பத்தில் கேட்டவர்கள் தோட்டையே கழற்றிக் கொடுத்தார்கள்!

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் தரப்பு சும்மா இருக்கவில்லை. இந்தியத் தேசிய இராணுவத்தின் பிரசாரம் தம் சிப்பாய்களைத் தொற்றிவிடுமோ என்ற பயத்தில், 'ஜோஷ்' என்ற பெயரில் படைப்பிரிவுகளுக்குள் சிறு குழுக்களை அமைத்தார்கள். 'ஜோஷ்' என்றால் உற்சாகம் என்று பொருள். ஜப்பானியர்கள் எவ்வளவு கொடியவர்கள், ஏன் அவர்களை எதிர்க்க வேண்டும் என்று அந்தக் குழுக்களில் சிப்பாய்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. அரசியல் பேசாதே என்று சொன்ன அதே இராணுவம், ஆபத்து வந்தவுடன் தனக்குச் சாதகமான அரசியலைப் பாடமாக நடத்தியது.

செங்கோட்டை எழுப்பிய கேள்வி

போர் முடிந்தது. 1945 நவம்பர் 5 அன்று டெல்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள் மேல் இராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். நாடே கொந்தளித்தது. குற்றம் உறுதியாகி ஆயுள் முழுதும் நாடுகடத்தும் தண்டனை விதிக்கப்பட்டாலும், தலைமைத் தளபதி ஆச்சின்லெக் 1946 ஜனவரியில் அதை இரத்து செய்து, பதவிநீக்கத்தோடு விட்டுவிட்டார். அடுத்த மாதமே பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுச்சி வெடித்தது.

1947இல் சுதந்திரம் வந்தது. இந்தியத் தேசிய இராணுவத்தினரை மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். ஆனால் சுதந்திர இந்தியாவின் இராணுவம் அவர்களைத் திரும்பப் படையில் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் சீருடை கிடைக்கவில்லை. இது நன்றிகெட்ட செயல் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. புதிய அரசின் பயம் வேறு. ஒரு தலைவரின் பேச்சைக் கேட்டுச் சத்தியத்தை மாற்றிக்கொண்ட படை, காரணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நாளை இன்னொரு தலைவரின் பேச்சைக் கேட்டு மறுபடி மாற்றிக்கொள்ளாதா?

அந்தப் பயம் சட்டத்தில் எழுதப்பட்டது. அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை விரிவாக்கியது. 1954ஆம் ஆண்டு இராணுவ விதிகளில் 20ஆவது விதி நேரடியாகவே சொல்கிறது: இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட யாரும் கட்சி அல்லது அரசியல் நோக்கத்தோடு நடக்கும் கூட்டத்துக்குப் போகக் கூடாது, அதில் பேசக் கூடாது, பங்கெடுக்கக் கூடாது, அரசியல் இயக்கத்தில் சேரவோ அதற்குப் பணம் கொடுக்கவோ கூடாது. விடுமுறையில் இருந்தாலும் ஜவான் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்தான். அதனால்தான் விக்கிரவாண்டித் திடலுக்கு அவர் போகக் கூடாது.

ஆனால் ஒன்று. அவருக்கு ஓட்டு உண்டு. தபால் ஓட்டு போடலாம். பத்திரிகை படிக்கலாம். அரசியல் அவருக்குத் தெரியக் கூடாது என்பதல்ல விதி. அவரை எந்தக் கட்சியும் தன் கூட்டத்தில் காட்டக் கூடாது என்பதே விதி. 2019 மார்ச்சில் தேர்தல் ஆணையம் கட்சிகளிடம் சிப்பாய்களின் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்.

கட்டாயமாகக் கேட்கவைத்த நாடுகள்

மற்ற நாடுகள் வேறு வழியில் போயின. சோவியத் செம்படையில் 1918 முதல் ஒவ்வொரு தளபதிக்கும் பக்கத்தில் ஒரு அரசியல் கமிஸார் இருந்தார். அவர் கையெழுத்தில்லாமல் உத்தரவு செல்லாது என்ற காலமும் இருந்தது. ஜெர்மானியரிடம் அடிமேல் அடி வாங்கிய பிறகு, 1942 அக்டோபரில் ஸ்டாலினே அந்த இரட்டை அதிகாரத்தை எடுத்துவிட்டார். ஜெர்மனியிலோ நேர்மாறு. 1934 ஆகஸ்டில் படையினர் அனைவரும் நாட்டின் பெயரால் அல்ல, ஹிட்லர் என்ற தனிமனிதரின் பெயரால் சத்தியம் செய்தார்கள். போர் தோற்கத் தொடங்கிய பிறகு, 1943 டிசம்பரில், நாஜிக் கொள்கையைச் சிப்பாய்களுக்குப் போதிக்கவென்றே படைக்குள் தனி அதிகாரிகளை நியமித்தார்கள். சீனாவில் 1929 டிசம்பரில் கூட்டியன் மாநாட்டில் கட்சியே படையை ஆள வேண்டும் என்று முடிவானது. இன்றுவரை அங்கே தலைவரின் உரைகளைப் படிப்பது அதிகாரிகளின் கடமைகளில் ஒன்று.

கட்சி பேதமற்ற படை என்று பெயர் வாங்கிய அமெரிக்காவிலும் 2025 செப்டம்பர் 30 அன்று ஒரு விசித்திரம் நடந்தது. உலகம் முழுவதும் பணியிலிருந்த நூற்றுக்கணக்கான ஜெனரல்களையும் அட்மிரல்களையும் வர்ஜீனியாவின் குவான்டிகோ தளத்துக்கு வரவழைத்து, அமைச்சர் ஹெக்செத்தும் அதிபர் டிரம்ப்பும் பேசினார்கள். அதிபரின் பேச்சில் கட்சி அரசியலும் கலந்திருந்தது. அதிகாரிகள் பெரும்பாலும் கைதட்டாமல் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனமே செய்தியாகியது.

நம் பக்கத்து வீடுகளையும் பார்க்கலாம். பாகிஸ்தானில் 1958இல் அயூப் கான், பர்மாவில் 1962இல் நே வின் என்று படைத் தளபதிகளே ஆட்சியைப் பிடித்தார்கள். இலங்கையில் 1962 ஜனவரியில் நடந்த முயற்சி தோற்றது. ஏறக்குறைய ஒரே காலத்தில் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்ற நாடுகள்தாம் இவை. இந்தியா தப்பியதற்குக் காரணம் பல உண்டு, ஒரு விதியால் மட்டும் அது நடந்துவிடவில்லை. ஆனாலும் சிப்பாயும் மேடையும் தள்ளியே இருக்கட்டும் என்ற பழக்கம் அந்தக் காரணங்களில் ஒன்று.

முடிவாக...

போலீஸ்காரர் கேட்கிறார், ஆனால் சந்தேகத்தோடு கேட்கிறார். கட்டாயப்படுத்தப்பட்ட அதிகாரி கேட்கிறார், ஆனால் பயத்தோடு கேட்கிறார். விழுப்புரம் திடலிலும் திண்டிவனம் திடலிலும் தரையில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டே கேட்கும் சாதாரண மனிதர் மட்டுமே, பிடித்தால் கைதட்டலாம், பிடிக்காவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகலாம். எழுந்து போக முடிகிற ஒருவர் உட்கார்ந்து கேட்டால்தான் பேச்சுக்கு மதிப்பு. ஃபேரர் பார்க்கில் நின்ற 45 ஆயிரம் பேருக்கும் அந்த உரிமை இல்லை.

விடுமுறையில் வந்த ஜவானுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை என்பது பார்வைக்கு அநீதியாகத் தெரியலாம். ஆனால் அவரைக் கூட்டத்துக்குப் போகாதே என்று தடுக்கிற அதே விதிதான், ஒரு கட்சித் தலைவர் தன் கூட்டத்துக்கு அவரை வா என்று உத்தரவு போடுவதையும் தடுக்கிறது. வராதே என்ற சொல்லை விட வந்தே ஆக வேண்டும் என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை 1942இல் சிங்கப்பூரில் நின்றவர்கள் அறிவார்கள்.